என் கண்ணும் அவர் கையெழுத்தும்

எங்கள் கம்பெனியில் யாராவது பிள்ளையின் படிப்பை நிறுத்த நினைத்தால் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். "அந்தக்காவைப் பாரு, என்ன டிகிரியா வாங்குச்சு? இன்னைக்கு அது சொல்லாம ஒரு பீஸ் கேட்டைத் தாண்டுமா?" என்று ட்ரிம்மிங் செய்கிற பெண்கள் பேசிக்கொள்வது காதில் விழும். முன்பெல்லாம் அதைக் கேட்டால் என் முதுகு தானாக நிமிரும். இப்போது எரிச்சல்தான் வருகிறது. வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கடி என்று கத்திவிடுகிறேன். பாவம், எதற்குக் கத்துகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிளஸ் டூ படித்தவள். ஊர் வெள்ளகோவில் பக்கம். மார்க் ஒன்றும் மோசமில்லை, காலேஜ் விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தேன். அந்த வருஷம் அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டார். "ஒரே ஒரு வருசம் பனியன் கம்பெனிக்குப் போயிட்டு வா கண்ணு, அடுத்த வருசம் சேந்துக்கலாம்" என்றாள் அம்மா. விண்ணப்பத்தை நியூஸ் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினேன். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. நானே சேர்ந்திருக்கலாம். கையில் சம்பளம் வந்து பழகிவிட்டது, அவ்வளவுதான்.

முதலில் நூல் வெட்டினேன். அப்புறம் செக்கிங் டேபிள். தைத்து வருகிற பனியனை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடுகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எனக்கு அது வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துணியைக் கையில் எடுத்தாலே கனம் குறைகிறதா கூடுகிறதா என்று விரல் சொல்லிவிடும். நான் தள்ளி வைத்த பீஸை லேபில் நிறுத்துப் பார்த்துவிட்டு "அக்கா சொன்னது சரிதான்" என்று திரும்பி வருவார்கள். டேபிளிலிருந்து லைனுக்கு, லைனிலிருந்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு என்று இருபத்திரண்டு வருஷத்தில் மொத்த க்வாலிட்டி டிபார்ட்மெண்டும் என் கைக்கு வந்துவிட்டது.

எங்கள் முதலாளி ஒன்பதாவதோடு நின்றவர். காடு தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம், நாலு மிஷின் போட்டு ஆரம்பித்து மூன்று யூனிட் ஆக்கியவர். "அம்மிணி பாத்துட்டா அப்புறம் அப்பீலே கெடையாது" என்று, சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஆபீஸ்காரர்களிடமே சொல்லுவார். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். நல்லது கெட்டதுக்கு எங்கள் ஊட்டுக்கு வந்து போகிறவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவரை வில்லனாக நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம் என்பதற்காக.

ஒரு புதுப் பையர் வந்தான். பெரிய ஆர்டர். அவர்களுடைய முறை வேறு: தங்கள் ஆளை அனுப்பிச் சரக்கைப் பார்க்க மாட்டார்கள். கம்பெனியிலேயே ஒருவரை அவர்கள் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் சரக்கு கப்பல் ஏறலாம். நான் இருக்கும்போது என்ன கவலை என்று முதலாளி என் பெயரை அனுப்பினார். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. டிகிரி இல்லாதவரைப் பதிவு செய்ய முடியாது, டெக்ஸ்டைல் படித்தவராக இருந்தால் நல்லது. ஹெச்.ஆரில் இருக்கிற பெண் அதைப் படித்துக் காட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அவர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷர், மடத்துக்குளத்துக்காரர். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பட்டன், பையில் இரண்டு பேனா. டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்து, ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, மில்லை இழுத்து மூடியதும் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவர். முதலாளி என்னைக் கூப்பிட்டு அவர் எதிரிலேயே சொன்னார்:

"அம்மிணி, இவிங்கதான் இனிமே பேப்பர்ல க்வாலிட்டி மேனேஜரு. வேலையெல்லாம் எப்பவும் போல நீதான் பாத்துக்கோணும். சாரு கையெழுத்துப் போட்டுக்குவாரு. ரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் வேண்டாம், என்ன?"

"சரிங்க" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. இருபத்திரண்டு வருஷம் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு போனவள் நான். வந்து பத்து நிமிஷம் ஆகாதவருக்குக் கண்ணாடி கேபின், சுழல் நாற்காலி.

கம்பெனிக்குள் நுழைந்ததும் சுவரில் ஒரு சார்ட் மாட்டியிருக்கும். முதலாளி படம் மேலே, அதற்குக் கீழே ஒவ்வொரு டிபார்ட்மெண்டின் தலைவர் படமும் பெயரும். க்வாலிட்டிக்கு நேராக அவர் படம் ஏறியது. என் படம் முன்பும் அங்கே இருந்ததில்லை, ஆனால் அந்தக் கட்டம் காலியாக இருந்தவரைக்கும் அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசம் ஆடிட் நாள். சரக்கைப் பார்க்க வராவிட்டாலும், வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அவ்வப்போது பையர் தரப்பு ஆட்கள் வருவார்கள். வந்தால் பேப்பரில் இருப்பதும் கண்ணில் தெரிவதும் ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? அதனால் அன்றைக்கு மட்டும் நான் செக்கராகிவிட வேண்டும். அதற்கென்றே, செக்கர்கள் சேலைக்கு மேல் மாட்டுகிற நீல ஏப்ரன் ஒன்றை அலமாரியில் மடித்து வைத்திருந்தேன். முதல் நாள் சாயங்காலமே ஹெச்.ஆர். பெண் வந்து, "அக்கா, நாளைக்கு ஏப்ரன் போட்டுக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து நானும் பீஸ் பார்ப்பேன். பக்கத்து டேபிளில் இருக்கிற ஒடிசா பெண் சிரிப்பை அடக்க முடியாமல் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்ய?

அவருக்குக் கையெழுத்து சார் என்று பெயர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் ஃப்ளோர் முழுக்கப் பரவிவிட்டது. அவர் காதுக்கும் போயிருக்கும். முதல் சில நாட்கள் அவர் டேபிளுக்கு வந்து பீஸை எடுத்து விரித்துப் பார்க்க முயன்றார். "விடுங்க சார், மடிப்புக் கலைஞ்சுரும்" என்று வாங்கி வைத்துவிட்டேன். அப்புறம் அவர் தொடுவதில்லை. தினமும் நாலு மணிக்கு ரிப்போர்ட் பேடை எடுத்துக்கொண்டு என் டேபிளுக்கு வருவார்.

"பாத்தாச்சுங்களா மேடம்? போடலாங்களா?"

"போடுங்க."

நின்றுகொண்டே, பேடை இடது கையில் தாங்கிப் பிடித்து, முழுப் பெயரையும் நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கம்பெனியில் என்னை மேடம் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். கிண்டல் பண்ணுகிறார் என்று முதலில் நினைத்தேன். இல்லை, அவர் பழக்கமே அப்படி. ஒரு தடவை அவராகவே சொன்னார்: "உங்க கையில இருக்கறது எனக்கு இல்லீங்க மேடம். மில்லுல நூலோட நின்னுட்டனுங்க. துணி வரைக்கும் நான் வரவே இல்ல."

"அதுக்கென்னங்க சார், பேனா புடிக்கத் தெரிஞ்சாப் போதுமுங்களே" என்றேன் நான்.

அதை இப்போது எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. "அதும் சரிதானுங்க" என்று சொல்லிவிட்டுக் கேபினுக்குப் போய்விட்டார்.

அவரிடம் சரக்கு இருந்தது. அது எனக்குத் தெரிந்ததே ஒரு ஆடிட் நாளில்தான். நான் நீல ஏப்ரனோடு உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு டேபிள் தள்ளி பையர் ஆள் ஒரு பனியனைத் தூக்கிக்காட்டி, துவைத்த பிறகு பக்கவாட்டுத் தையல் ஏன் முன்பக்கம் திரும்பிக்கொள்கிறது என்று கேட்கிறான். அவர் நூல் முறுக்கில் ஆரம்பித்தார். நூல் எந்தப் பக்கம் முறுக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் பட்டதும் அது எப்படி அவிழப் பார்க்கிறது, பின்னல் வளையம் எப்படிச் சாய்கிறது என்று ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். எந்தத் துணி துவைத்தால் திரும்பும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் நான். ஏன் திரும்புகிறது என்று இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது பெட்டிக்கு அடியில் கிடந்த அந்த விண்ணப்பம் ஞாபகத்துக்கு வந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. மறுநாள் அவரிடம் போய், இன்னும் கொஞ்சம் சொல்லுங்க சார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திமிர்.

அப்புறம்தான் அந்த ஆர்டர். பாசிப் பச்சை நிறத்தில் டி-ஷர்ட், கழுத்துப் பட்டிக்கு அதே நிறத்தில் ரிப் என்கிற இழுவைத் துணி. பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது ரிப் துணி பத்தாமல் போய்விட்டது. எப்போதும் சாயம் போடுகிற இடத்தில் தேதி கிடைக்கவில்லை. வேறொரு டையிங்கில் கொடுத்து அவசரமாக வாங்கினார்கள். வந்த ரிப்பை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் உடம்புத் துணியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒரே நிறம். திருப்பிப் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். அட, முடி அளவு வித்தியாசம்கூட இல்லை.

நிறம் பார்ப்பதற்கென்று லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. உள்ளே வேறுவேறு பல்பு இருக்கும். ஒன்று பகல் வெளிச்சம், ஒன்று வீட்டு மஞ்சள் வெளிச்சம், ஒன்று வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற வெளிச்சம். அந்தக் கடை லைட் பல்பு ஃப்யூஸ் போய்ப் பத்து நாளைக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்டோரில் சொல்லியிருந்தோம், வரும் வரும் என்றார்கள். நானும் பெரிதாக விரட்டவில்லை. எனக்கு அந்தப் பெட்டி மேல் எப்போதுமே மரியாதை கிடையாது.

சரக்கு கிளம்பவேண்டிய நாள் மத்தியானம். தூத்துக்குடி போகிற கண்டெய்னர் வாசலில் நிற்கிறது. முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். கையெழுத்து சார் ரிப்போர்ட் பேடோடு வந்தார். எப்போதும் கேட்கிறதைக் கேட்கவில்லை.

"மேடம், ஒண்ணு சொல்லலாங்களா? ரண்டு டையிங்குல வேற வேற சாயம் கலந்திருப்பாங்க. வெயில்ல ஒண்ணாத் தெரியும், கடை லைட்டுல பிரிஞ்சு காட்டும். இந்தப் பச்சையெல்லாம் அப்படித்தானுங்க, மோசமான கலரு. பல்பு வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சா நல்லதுங்க. இல்லீனா ஒரு பீஸை வேற கம்பெனி பாக்ஸுல போட்டுப் பாத்துட்டு வந்தர்றேன். ஒரு மணி நேரமுங்க."

சுற்றிலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக அவர் என் வேலையில் கை வைக்கிறார். எனக்கு சுர்ரென்று ஏறியது.

"படிச்சவங்க பல்பை நம்புங்க சார். நான் எங்கண்ணை நம்பறேன். வண்டி நிக்குதுங்க, போடறதுன்னா போடுங்க, இல்லீனா மொதலாளிகிட்டப் போயிச் சொல்லுங்க."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னாச் சரிங்க மேடம்" என்று பேடைத் தூக்கிப் பிடித்து முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டி போய்விட்டது. இரண்டு நாள் கழித்து அந்தப் பல்பு வந்தது. வந்த அன்றே மிச்சமிருந்த ஒரு பீஸை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து சுவிட்சைப் போட்டேன். உடம்பு பாசிப் பச்சையாகவே இருந்தது. கழுத்து மட்டும் துருப்பிடித்த மாதிரி பழுப்பாகத் தெரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்துப் பையரிடமிருந்து படங்கள் வந்தன. கடையில் மாட்டியிருந்த டி-ஷர்ட்டுகள். கழுத்து வேறு, உடம்பு வேறு. மொத்தச் சரக்கையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டோம், விசாரிக்க ஆள் வருகிறது என்று எழுதியிருந்தார்கள்.

ஆள் வருகிறது என்றால் நான் நீல ஏப்ரனில்தானே இருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன். அவர்கள் கேபினுக்குள் போகாமல், செக்கிங் நடக்கிற இடத்திலேயே, என் டேபிளுக்கு ஆறடி தள்ளி நின்று அவரை விசாரித்தார்கள். கையெழுத்து யாருடையது? என்னுடையது. கடை லைட்டில் பார்த்தீர்களா? இல்லை. ஏன்? பல்பு இல்லை. இல்லை என்று தெரிந்தும் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?

என் கையில் ஒரு பனியன் இருந்தது, அதை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். இப்போது என் பக்கம் திரும்புவார், விரலை நீட்டுவார் என்று காத்திருந்தேன். நீட்டிவிடட்டும் என்றுகூடத் தோன்றியது. அவர் திரும்பவேயில்லை.

"என் தப்புத்தானுங்க. சரியா இருக்கும்னு நெனச்சுப் போட்டுட்டேன்" என்றார்.

நான் எழுந்திருக்க வேண்டியது அப்போதுதான். எழுந்து, நான் சொல்லித்தான் போட்டார் என்று நாலு வார்த்தை. பயமாக இருந்தது, அதுதான் உண்மை. என் மகள் காலேஜில் கடைசி வருஷம். இந்த வேலை போனால் எனக்கு வேறு எங்கே இந்த இடம் கிடைக்கும்? என்னிடம் ஒரு பேப்பர் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் பார்த்தேன் என்று காட்ட ஒரு கையெழுத்துகூட என்னுடையது கிடையாது. வேறு கம்பெனிக்குப் போனால் மறுபடி செக்கிங் டேபிள்தான், அதே நீல ஏப்ரனை நிஜமாகவே மாட்டிக்கொள்ள வேண்டும். பேர் இல்லையே பேர் இல்லையே என்று அத்தனை நாள் வயிறெரிந்தேன். அன்றைக்கு அந்தப் பேர் இல்லாததுதான் என்னைக் காப்பாற்றியது.

அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வாரமே அவர் கிளம்பினார். டிபன் பையை எடுத்துக்கொண்டு, போகும் வழியில் என் டேபிள் முன்னால் நின்று, "வர்றனுங்க மேடம்" என்றார். நான் தலையை ஆட்டினேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. சார்ட்டில் அவர் படம் இருந்த கட்டத்தில் பசை மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு உரக்கடையில் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தவர் திரும்பினார். அவரேதான். அதே முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஓடிவிடலாமா என்று இருந்தது, அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வாங்க மேடம். நல்லாருக்கறீங்களா? பாப்பா படிப்பு முடிச்சிருச்சுங்களா?"

"முடிச்சிருச்சுங்க சார். நீங்க?"

"இங்கதானுங்க. திருப்பூர்ல நாலஞ்சு எடத்துல கேட்டுப் பாத்தனுங்க. எல்லாருக்கும் விசயம் தெரிஞ்சிருக்குது. அந்த ஊருல யாருக்குத்தான் யாரைத் தெரியாது?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்புறம் ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார். "பெட்டியில அந்தப் பல்பு மாத்தீட்டாங்களா மேடம்?"

"மாத்தியாச்சுங்க."

"நல்லதுங்க" என்றார். டீ சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார். குடித்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக முதலாளி ரூமுக்குப் போனேன்.

"ஏனுங்ணா, ஒண்ணு சொல்லோணுமுங்க. அந்தப் பச்சைக் கலர் தப்பு அவரு தப்பு இல்லீங்க. அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் போடுங்கன்னேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். என்னைத் திட்டப் போகிறார், வேலையை விட்டுப் போ என்று சொல்லப் போகிறார் என்று நின்றேன். சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியாதா அம்மிணி?" என்றார். "நீ பாக்காம எந்தச் சரக்கு போயிருக்குது? அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏனுங்ணா அவரை..."

"அதுக்குத்தானம்மிணி அவரை வெச்சிருந்தது. அவரு போனா இன்னொருத்தரு வருவாரு. நீ போனா நான் யாரை வெச்சுச் சரக்குப் பாக்கறது?" ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார். என்னைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டு சொன்னார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடர்ந்தார்: "நானே உன்னையக் கூப்படலாம்னு இருந்தேன். பையரு பட்டியலுக்குப் புது ஆளு பேரைக் கேக்கறாங்க. உம்பட புள்ளை காஸ்ட்யூம் டிசைன்ல டிகிரி முடிச்சிருச்சில்ல? ஊட்டுல சும்மாதான இருக்குது. அதோட சர்ட்டிபிகேட்டைக் குடு, பையருக்கு அனுப்பலாம். சார்ட்டுல அது பேரு. நீ பாரு, அது கையெழுத்துப் போடட்டும். வெளியாளும் வேண்டாம், நம்ம ஊட்டுக்குள்ளயே முடிஞ்சுருமில்ல?"

என்னவெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறேன் தெரியுமா? அந்தச் சுவரில், அந்தக் கட்டத்தில், என் மகள் படம். மூன்று மாதமாக அவள் இன்டர்வியூ இன்டர்வியூ என்று அலைந்துகொண்டிருக்கிறாள். எங்கே போனாலும் அனுபவம் இருக்கா என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அனுபவம் இருக்கிறது டிகிரி இல்லை, அவளுக்கு டிகிரி இருக்கிறது அனுபவம் இல்லை. இரண்டையும் ஒட்டவைத்து ஒரு வேலை தேடி வருகிறது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"வேண்டாமுங்ணா."

"ஏனம்மிணி? நீதான பாக்கப் போற. உம்மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

யோசிச்சுச் சொல்லறனுங்க என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் சிரித்த முகமாக நிற்கிறாள். ஹெச்.ஆர். பெண் ஃபோனில் சொல்லிவிட்டாளாம். சர்ட்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவும் எடுத்துக் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

"அம்மா, நீ பாத்துட்டுப் போடுன்னு சொல்லு, நான் போட்டர்றேன். சூப்பர் இல்ல?"

"நீ அங்க வர வேண்டாம்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீதான சொன்ன, படி படி, படிச்சாத்தான் பேரு வரும்னு? இப்ப பேரு வர்றப்ப வேண்டாங்கற? உனக்குப் பொறாமையா?"

அந்த வார்த்தை மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து சார் என்று பெயர் வைத்ததை, மடிப்புக் கலையும் என்று பீஸைப் பிடுங்கியதை, பல்பை, நீல ஏப்ரனை, உரக்கடையை. காலையில் முதலாளியிடம் ஒத்துக்கொண்டதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மனசுக்குள் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது, மறைக்காமல் சொல்கிறேன். எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டேனே என்று.

அவள் கவரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த சார்கிட்டச் சொன்னியாம்மா?"

சொல்லவில்லை. டீ வாங்கிக் குடித்தேன், பல்பு மாத்தியாச்சு என்றேன், பஸ் ஏறினேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லாமல், ஏற்கெனவே தெரிந்தவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மகள் அந்த வேலைக்கு வரவில்லை. கவரை அவளே பீரோவில் வைத்துவிட்டாள். இப்போது ஒரு மொபைல் கடையில் பில் போடுகிறாள், அதற்கு டிகிரி தேவைப்படவில்லை. சார்ட்டில் வேறொருவர் படம் ஏறியாயிற்று. ஈரோட்டுப் பக்கத்துக்காரர், அவரும் டெக்ஸ்டைல் படித்தவர்தான். நாலு மணிக்குப் பேடை எடுத்துக்கொண்டு வருகிறார். நான் மூன்று வெளிச்சத்திலும் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அவரையும் பார்க்கச் சொல்கிறேன். அப்படியும் "போடுங்க" என்று சொல்ல வாய் வருவதில்லை. அந்தக்கா முன்ன மாதிரி இல்ல, ரொம்ப லேட் பண்ணுது என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

தாராபுரத்துக்குப் பஸ்ஸுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவுதான். நான் இன்னும் போகவில்லை.